காக்கை தொடாத ஈரல்

எனக்கு எண்பத்துநான்கு வயது. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. செத்துப்போன என் கொழுந்தன் மனைவியின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்பதும் மீன் விற்ற காசில் வளர்ந்தவை. ஒன்றுகூட இன்னொருவரிடம் கைநீட்டி வாழவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

மீன் விற்கப் புதிதாக இறங்கியிருக்கும் பிள்ளைகள் சிலர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். தலைச்சுமையாக நடந்து விற்ற காலத்தில் நடந்தவற்றைச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

மீனின் செவுளைப் பார்த்து வாங்குவது, ஐஸ் போடுவது, வெட்டிக் கொடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது ஊர்களைப் பற்றி. வீடுகள் எப்படி இருக்கிற ஊருக்குள் போகிறோம் என்று தெரியாமல் கடவத்தோடு, அதான் மீன் சுமக்கிற ஓலைப்பெட்டியோடு, நுழைந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி.

கடற்கரை ஊர் ஒரு மாதிரி. கடியப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். கடலுக்கும் மேட்டுக்கும் நடுவில் கிடைத்த மணலில், கோயிலைச் சுற்றி, ஒட்டி ஒட்டி இருந்தோம். ஒருவன் பெண்டாட்டியைத் திட்டினால் நாலாவது வீட்டிலிருந்து "போதும்லே" என்று குரல் வரும். எதையும் மறைக்க முடியாது.

கிழக்கே வயல்காட்டு ஊர் இன்னொரு மாதிரி. நான் பிறந்தது மணக்குடிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் என் அம்மாவோடு அந்த வயல் ஊர்களில்தான் விற்றுப் பழகினேன். நாலு பக்கமும் நெல். நெல் விளைகிற மண்ணை வீணாக்காமல் வீடுகளை ஒரு மேட்டில் தெருவாக நெருக்கி வைத்திருப்பார்கள். இரண்டு வரிசை, எதிரெதிர் வாசல். தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். முதல் வீட்டுக்காரி முகத்தைச் சுளித்தால் கடைசி வீடுவரை அன்று கதவு திறக்காது.

கடியப்பட்டணத்துக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு நான் விற்கப் போனது மேற்கே, விளைக்காட்டுக்கு. விளை என்றால் மேட்டுத் தோட்டம். அவனவன் விளைக்கு நடுவில் அவனவன் வீடு. சொந்தமாகப் பனை, சொந்தமாகக் கிணறு, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மண் கையாலை, அதற்கு மேல் தாழை முள். ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீடு தெரியாது. தெரு என்று ஒன்று கிடையாது, கையாலைகளுக்கு நடுவே ஒற்றையடித் தடம்தான். வீட்டுக்கு ஆள் பெயர் சொல்ல மாட்டார்கள். பலாவிளை, சரல்விளை என்று மண்ணின் பெயரைத்தான் சொல்வார்கள்.

எனக்கு விளைக்காடு பிடித்துப் போயிற்று. ஒரு வீட்டில் சொல்கிற சொல் அடுத்த வீட்டுக்குப் போகாது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கதை சொல்லலாம், அது அந்தக் கையாலைக்குள்ளேயே கிடக்கும். அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் இருக்கும். நம் ஜில்லா அப்போது திருவனந்தபுரத்துக்காரர் ஆட்சியில் இருந்தது. அக்கானி இறங்குகிற காலம். பதநீரைத்தான் நாங்கள் அக்கானி என்போம். என் இரண்டாவது மகன் ஐந்து மாதக் கைக்குழந்தை. அவனுக்கு ஒரு வயிறு பால் கொடுத்துவிட்டு விடியற்காலையில் கரைக்குப் போனேன். அன்று வலையில் ஒரு பேராமை வந்திருந்தது.

இப்போது ஆமையைத் தொட்டாலே கேஸ். அப்போது அதுவும் கறிதான். மூலத்துக்கு நல்லது என்று விளைக்காட்டில் தேடி வாங்குவார்கள். கரையில் அதற்கு ஒரு முறை உண்டு. ஆமையை அறுத்ததும் முதலில் ஈரலை எடுத்து மணலில் எறிவார்கள். காக்கை கொத்தித் தின்றால் கறியைப் பங்கு வைக்கலாம். காக்கை தொடாவிட்டால் முழு ஆமையையும் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். தின்கிற ஆமையே சில சமயம் கடலுக்குள் எதையோ மேய்ந்துவிட்டு விஷமாகிவிடும். பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது, எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.

அன்று வானம் மூடமாக இருந்தது. காக்கைகள் இறங்கவில்லை. ஆமையை அறுத்தவர் என் வீட்டுக்காரரின் சித்தப்பா.

"பைய போலாம் மக்கா. காக்கா வரட்டு" என்றார்.

"மாமா, இது பேராமைதானே? கண்டா தெரியாதா எனக்கு? காக்கா வரதுக்குள்ள வெயிலு ஏறிரும்."

"ஒனக்குத் தெரியாதது கடல்ல உண்டா?" என்று சிரித்துக்கொண்டே கத்தியைக் கழுவத் தண்ணீரில் இறங்கினார்.

அவர் முதுகு திரும்பியிருந்தபோது ஒரு பங்கு கறியை இலையில் சுற்றி, கடவத்தில் மீனுக்கு அடியில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். மற்றவர்களுக்கு முன்னால் விளைக்காட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் என் மனதில் இல்லை.

ஏழு விளைகளில் கறி விற்றேன். மீனும் ஏறக்குறைய தீர்ந்தது. வழியில் இருந்த சுமைதாங்கிக் கல்லில் கடவத்தை இறக்கி, வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றேன். அப்போது தெற்கேயிருந்து திரேசம்மை ஓடி வந்தாள். என் வயதுக்காரி, எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள், அவளும் மீன் விற்பவள். தலையில் கடவம் இல்லை.

"ஏட்டி, ஆமைக்கறிய வித்தியா?"

"தீந்து போச்சு. ஒனக்கு என்ன, பொறாமையா?"

"காக்கா தொடல்லட்டி! மூணு காக்கா வந்து, கழுத்தச் சாச்சுச் சாச்சுப் பாத்துட்டு பறந்துட்டு. நாயும் மோந்துட்டு போச்சு. மாமா முழுசையும் குழியில போட்டாச்சு. கோயிலு முன்ன நின்னு ஒரு சத்தம் குடுத்தாரு, ஒரு வீட்டுலயும் கறி அடுப்புல ஏறல்ல. ஒன் பங்கு மட்டுந்தான் வெளிய."

வெற்றிலையைத் துப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"நின்னுட்டு என்ன செய்யே? கூவிச் சொல்லு" என்றாள்.

"யாருக்குக் கேக்கும்? இது என்ன நம்ம கோயிலு முற்றமா?"

கேட்காது என்று நான் சொன்னது பாதி உண்மை. கேட்டுவிடக் கூடாது என்பது மறு பாதி. காக்கைக்குக் காத்திருக்காமல் கறி விற்றவள் என்ற பேச்சு வந்துவிட்டால் என் பிழைப்பு அன்றோடு முடிந்தது. ஏழு வீட்டுக்கும் நானே ஓடி, கறியை நைசாகத் திரும்ப வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். திரேசம்மைக்கு அந்த விளைகள் தெரியாது. அவளை அனுப்பவும் முடியாது.

பக்கத்தில் ஒரு பாறை. அதில் ஏறிப் புகையைப் பார்த்தேன். அக்கானி காய்ச்சுகிற வீட்டில் கரும்புகை தடியாக எழும்பும். அங்கே கருப்பட்டிப் பதம் வரும்வரை அடுப்பு ஒழியாது, கறி ஏற நேரமாகும். மெல்லிய புகை எழும்புகிற வீட்டில் சோறு பொங்குகிறது என்று அர்த்தம். நான் விற்ற ஏழில் மூன்று வீட்டில் மெல்லிய புகை. முதலில் அந்த மூன்றுக்கும் போவது என்று முடிவு செய்தேன். அன்று காலை நான் செய்தவற்றில் சரியானது அது ஒன்றுதான்.

சரல்விளைக்கு ஓடினேன். திரேசம்மையும் பின்னாலேயே ஓடி வந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, சிரித்த முகமாக, "அம்மா, அந்தக் கறி வேற ஒரு வீட்டுக்குச் சொல்லி வச்சது. மறந்து ஒங்களுக்குத் தந்துட்டேன். பதிலுக்குச் சாளை தாறேன்" என்றேன். அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே சட்டியோடு எடுத்துத் தந்தாள். அடுத்த வீட்டிலும் அதே பொய், அங்கேயும் கறி கைக்கு வந்தது. மூன்றாவது பலாவிளை. இவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

பலாவிளைப் பொன்னம்மை வாய்க்காரி. கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன்.

"எவன் கூடுதலு தாறேன்னு சொன்னான்? குடுத்தது குடுத்ததுதான், போட்டி" என்றாள்.

"இல்லக்கா, பள்ளிக்கூடத்து சாரு வீட்டுக்குச் சொன்ன கறி. மூலத்துக்குக் கேட்டாவ."

"சாருக்கு மட்டுந்தான் மூலமா? எங்க வீட்டுக்காரருக்கும் உண்டு, கேட்டியா? ரெண்டு வருசமா பனையில ஏறி இருந்தாத்தான் சொகம்னு சொல்லுதாரு."

திரேசம்மை அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள். நான் "அடுப்புல உள்ளதையாவது தாருங்க அக்கா" என்று கெஞ்சினேன்.

"இது பாதிதான். மீதிய வெள்ளனயே கனகத்துக்குக் குடுத்தாச்சு."

"எந்தக் கனகம்?"

"நெல்லிவிளைக் கனகம். பொறத்தால இருக்கா. ஒனக்கு எங்க தெரியும், நீ முன்வழியே வந்து முன்வழியே போறவ. அவ பெத்து மூணு மாசம் ஆவல்ல. பச்சப்பிள்ளக்காரிக்குச் சத்து வேணும்லா?"

அவள் காட்டிய பக்கம் பார்த்தேன். அடுக்களைக்குப் பின்னால் கையாலையில் ஒரு விடவு. ஒரு ஆள் சாய்ந்து நுழையலாம். மண் மழமழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை காலமாக அதன் வழியே நெருப்பும் உப்பும் கறியும் போய்வந்துகொண்டிருந்ததோ! ஒவ்வொரு வீடும் தனித்தனி என்று நம்பி இரண்டு வருஷம் அங்கே விற்றிருக்கிறேன். அந்த வீடுகள் பின்பக்கமாக ஒன்றோடு ஒன்று கோத்துக் கிடந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் விற்றது ஏழு வீட்டில். கறி போயிருந்தது எட்டாவது வீட்டுக்கு.

ஆமை விஷம் தின்ற தாயைவிட, அவள் பாலைக் குடிக்கிற பிள்ளையைத்தான் முதலில் பிடிக்கும் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு தொட்டில் காலியானதை நான் பார்த்திருக்கிறேன்.

"அக்கா, நான் சொன்னது பொய்" என்றேன். "கறி வெஷம். காக்கா ஈரலத் தொடல்ல. அதுக்கு முன்னயே நான் எடுத்துட்டு வந்துட்டேன்."

பொன்னம்மை கையிலிருந்த அகப்பையால் சட்டியைத் தள்ளிவிட்டாள். குழம்பு அடுப்பில் கொட்டிப் புகைந்தது.

"காக்கா தொடாததையா எனக்குக் கொண்டு வந்தே?"

அகப்பை என்மேல் விழும் என்று நின்றேன். அவள் அதற்கு நேரத்தை வீணாக்கவில்லை. "இன்னும் எந்தெந்த விளை? பேரச் சொல்லு" என்றாள். நாலு பெயரையும் சொன்னேன். முற்றத்தில் இறங்கி மேலே பார்த்துக் கத்தினாள்: "ஓய்! ஒங்களத்தான்!"

பனை உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

"ஆமைக்கறி வெஷமாம். கூவிச் சொல்லும்!" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "யாரு வித்ததுன்னு கேப்பாவ. சொல்லட்டா?"

திரேசம்மை என்னையே பார்த்தாள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சத்தத்துக்கு எந்த வீட்டுக்காரியும் அடுப்பிலிருந்து சட்டியை இறக்க மாட்டாள். விற்றவளே சொல்கிறாள் என்றால் இறக்குவாள்.

"சொல்லுங்க" என்றேன். "கடியப்பட்டணத்து மீன்காரி, மூக்குத்திக்காரி, அவளே வந்து சொல்லுதான்னு சொல்லுங்க."

அவர் வாயில் கையைக் குவித்துக் கூவினார். "ஓஓய்! ஆமைக்கறி தின்னாதீங்கோ! வெஷம்! மூக்குத்தி போட்ட மீன்காரியே சொல்லுதா!" தூரத்தில் இன்னொரு பனையிலிருந்து ஒருவர் அதை வாங்கிக் கூவினார். அதற்கும் அப்பால் மூன்றாவது குரல். தரையில் ஒன்றையொன்று பார்க்காத வீடுகளின் ஆண்கள் பனை உச்சியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். என் பெயர் கெடுகிற சத்தம் மரத்துக்கு மரம் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டே, பொன்னம்மையும் திரேசம்மையும் கூட வர, அந்த விடவுக்குள் நுழைந்தேன்.

கனகத்தின் புருஷன் மலைத் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். நெல்லிவிளைப் பனைகளில் ஆள் இல்லை. அதனால் சத்தம் அங்கே சரியாக விழவில்லை.

அவள் சோற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பாயில் பிள்ளை சிணுங்கத் தொடங்கியிருந்தது. பொன்னம்மை ஓடிப்போய்ச் சோற்றுக் கும்பாவைத் தட்டிவிட்டாள்.

"எத்தன துண்டு தின்னே?"

"ரெண்டு. எதுக்கு மைனி?"

உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துக் குமட்ட வைத்தோம். கொஞ்சம் வந்தது. எல்லாம் வந்ததா என்று யாருக்குத் தெரியும்? கனகம் என்னைப் பார்த்துக் கேட்டாள். "எனக்கு என்ன ஆவும்?"

"தெரியாது பிள்ள" என்றேன். இனி ஒரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "பிள்ளைக்குப் பால் மட்டும் குடுக்காத."

கிணற்றடியிலிருந்து அவளுடைய மாமியார் வந்தாள். பொன்னம்மை நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் தலைமயிரைப் பிடித்தாள். நான் விலக்கவில்லை. பிள்ளையின் அழுகை ஏறிக்கொண்டே போயிற்று. வீட்டு ஆட்டைக் கறந்து, பாலைத் துணியில் நனைத்து வைத்துப் பார்த்தார்கள். துப்பிற்று. இரண்டாம் முறை வைத்ததும் முழுதும் கக்கிற்று.

"பால் உள்ளவ யாரு உண்டு இங்கன?" என்று திரேசம்மை கேட்டாள்.

பொன்னம்மை விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். ஒருத்தி தாய்வீட்டில். இன்னொருத்தி ஓடைக்கு அந்தப் பக்கம், அவளுக்குக் காய்ச்சல். அவ்வளவுதான். எங்கள் கரையாக இருந்தால் சுவரைத் தட்டினால் போதும், நாலு பேர் வருவார்கள்.

காலையில் கொடுத்த பால் எனக்கு மறுபடி ஊறியிருந்தது. பிள்ளை அழ அழச் சட்டை நனைந்தது. மாமியார் அதைப் பார்த்தாள். நான் பிள்ளையைப் பார்த்ததையும் பார்த்தாள்.

"வெஷம் கொண்டு வந்தவ மடியிலயா எம் பேரன போட?" என்றாள். அவளுக்கு ஜாதியும் இருந்தது, வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுவரை நான் அந்தப் பக்கத்து வீடு எதிலும் முற்றத்தைத் தாண்டியது இல்லை.

பிள்ளையைத் தா என்று எனக்கு அங்கே கேட்க உரிமை இல்லை.

பிள்ளையின் குரல் கம்மிக்கொண்டு வந்தது. அந்த அம்மா என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "நீ தின்னியா அத? ஒரு துண்டு? உப்புப் பாக்க ஒரு துளி?"

"இல்ல அம்மா. எம் பிள்ள மேல சத்தியம்."

"சத்தியமா? காலம்பற பொன்னம்மைட்டயும் பொய் சொல்லிட்டுத்தான் வந்திருக்கே." அவள் திரேசம்மையிடம் திரும்பினாள். "நீ சொல்லு."

"அவ வெறும் வயித்தோட எறங்கினவ. கறி அடுப்பு ஏறதுக்கு முன்னயே ஓடிட்டா. அந்த அவசரம்தானே இம்புட்டும்" என்றாள் திரேசம்மை.

மாமியார் பிள்ளையை எடுத்து என் மடியில் போட்டாள். அது பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் கனகத்துக்கு நாக்கு எரிய ஆரம்பித்தது. மறுநாள் நாக்கில் வெள்ளை படிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. வைத்தியர் வந்து, தூங்க விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார். மாமியாரும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து கூப்பிட்டோம். வெளியே ஓலை அசைகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஒங்க கரையில இப்ப எத்தன பேரு கூடியிருப்பாவ?" என்று மாமியார் திடீரென்று கேட்டாள்.

"வீடு கொள்ளாது அம்மா. அழுது அழுதே இவளக் கொன்னிருப்பாவ."

அவள் முகம் ஒரு நொடி தளர்ந்தது. பிறகு மறுபடி இறுகிக்கொண்டது.

மூன்றாம் நாள் திரேசம்மை என் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நாலு பேருட்ட பால் குடிச்சாச்சு. ஒன்னய அடையாளம் கண்டா பாக்கியம்" என்றாள். அவனை ஒரு பக்கமும் அந்தப் பிள்ளையை மறு பக்கமும் போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் கனகம் கண்ணை நன்றாகத் திறந்து, "மீன்காரி, எம் பிள்ள எங்க?" என்று கேட்டாள். அவள் பாலைக் கொடுக்கலாம் என்று வைத்தியர் சொல்லும்வரை, மொத்தம் ஒன்பது நாள் அங்கே இருந்தேன்.

மற்ற வீடுகளிலும் கறி மண்ணுக்குள் போயிருந்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் பெரியவர் ஒருவர் சத்தம் வருவதற்கு முன்னால் தின்றுவிட்டார். வாயெல்லாம் புண்ணாகிப் பல நாள் கஞ்சித் தண்ணீரில் கிடந்து எழுந்தார்.

நான் புறப்பட்ட அன்று மாமியார் முன்வழியே கூட்டிப் போகவில்லை. அந்த விடவு வரை வந்தாள்.

"நீ செய்ததும் மறக்காது, நீ குடுத்ததும் மறக்காது. இனி இந்த விளையில ஒன் மீன் வேண்டாம்" என்றாள்.

அவள் சாகும்வரை வாங்கவில்லை. நான் அந்தப் பக்கம் போகும்போது கேட்காமலே ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் கையாலை மேல் வைத்திருப்பாள். பெரியவர் வீட்டிலும் வாங்கவில்லை. சரல்விளைக்காரியும் வாங்கவில்லை. விஷத்தைவிடப் பொய்தான் அவளுக்குப் பெரிதாகப் போயிற்று. பொன்னம்மை வாங்கினாள். ஒவ்வொரு முறையும் "காக்கா கண்டுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். வருஷக்கணக்கில் கேட்டாள். நான் வருஷக்கணக்கில் பதில் சொன்னேன்.

பிள்ளைகளே, இன்று நீங்கள் ஸ்கூட்டரில் போகிறீர்கள், காலனி வீடுகளில் விற்கிறீர்கள், மாடி வீடுகளில் கூடையைக் கயிற்றில் இறக்குகிறார்கள். எந்த ஊரானாலும் பொருளைக் கொடுத்துவிட்டு, இதில் யாருக்கெல்லாம் பங்கு போகும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் உங்கள் தவறும் தள்ளித் தள்ளிக் கிடக்கும் என்று நினைக்காதீர்கள். தவறு நடந்துவிட்டால் முதல் வீட்டிலேயே உள்ளதைச் சொல்லுங்கள். நான் மூன்றாவது வீட்டில் சொன்னேன். அந்த இரண்டு வீட்டு நேரத்தில்தான் கனகம் இரண்டு துண்டு தின்றாள்.

போதும் மக்கா, பேனாவை வை. எழுதினதை முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. சரல்விளையில் நான் சொன்ன பொய் வரும்போது மெதுவாக வாசி. என் மானத்தை நினைத்து நீ அதை விட்டிருப்பாய். விட்டிருந்தால் இப்போதே எழுதிச் சேர்.